ராணுவ நீதிமன்றத்துக்கு வந்த பாளையங்கோட்டை வக்கீல்

பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது. "வக்கீல் சங்கரலிங்கம் அண்ணாச்சி தவறிட்டாவ" என்றான் என்னோடு பட்டாளத்தில் இருந்த நண்பன். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் பழகி, இன்று அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களுக்கு அவருடைய ஏச்சும் தெரியும், அதிலிருந்த பிரியமும் தெரியும்.

நான் ராணுவத்தில் ஸ்டோர் பார்த்த ஹவில்தார். ஒருமுறை ஸ்டோரில் கம்பளிகள் காணாமல் போயின. நான்தான் விற்றேன் என்று ஒரு வாக்குமூலம். கீழே என் கையெழுத்து. என் மேலதிகாரி நீட்டினார், படிக்காமல் போட்டுத் தொலைத்தேன். ராணுவ நீதிமன்ற விசாரணை என்றாகிவிட்டது. தோற்றால் சிறை, வேலையும் பென்ஷனும் போகும். எனக்காக வாதாட யூனிட்டே ஓர் அதிகாரியைத் தரும். வெளி வக்கீலை வைத்தால் மேலிடம் முறைக்குமே என்று பயந்தேன். "முறைச்சா முறைக்கட்டும். நீங்க ஜெயிலுக்குப் போனா நானும் பிள்ளையும் என்ன செய்ய?" என்று, லீவில் வந்த என்னை அண்ணாச்சியிடம் இழுத்துப் போனாள் என் மனைவி.

உட்காரச் சொன்னார், விறைப்பாகவே நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "கீழ ஒரு கையெழுத்துப் போடும்." போட்டேன். தலையில் அடித்துக்கொண்டார். "எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீரா வே? வீட்டை எழுதிக் கேட்டாலும் அட்டென்ஷன்ல நின்னு குடுத்துருவீரு போலிருக்கே!" அழுதுகொண்டிருந்த மனைவி சிரித்துவிட்டாள். எனக்கோ மானம் போயிற்று.

இரண்டு நாள் ரயிலில் பயணம் செய்து, வடக்கே என் யூனிட்டுக்கு வந்தார். விசாரணையில், என்னிடம் கையெழுத்து வாங்கிய அந்த மேலதிகாரியிடம் பணிவாக ஒன்று கேட்டார்: "நீங்கள் போடச் சொன்ன கையெழுத்தை மறுக்கும் ஜவான் உங்களிடம் உண்டா?" அதிகாரி நெஞ்சை நிமிர்த்தினார். "என் யூனிட்டில் ஒருவன்கூடக் கிடையாது." அண்ணாச்சி நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். உத்தரவுக்குப் பணிந்து போட்ட கையெழுத்து என்று அவர் வாயாலேயே ஆகிவிட, வாக்குமூலம் அதோடு செத்தது. வேறு சாட்சியமும் இல்லை. விடுதலை! காலைத் தொடக் குனிந்தேன். "நிமிரும் வே. முதல்ல வீட்டுக்குப் போன் போடும், அந்தம்மா பச்சத்தண்ணி குடிச்சிருக்காது" என்று விரட்டினார்.

சென்ற வாரம் மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். படுத்த படுக்கையாகக் கிடந்தவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். என் பெயருக்குக் கீழே வந்ததும் விரல் நின்றுவிட்டது. "ராணுவம், ஓய்வு" என்று வாய்விட்டு வாசித்தார். மறுபடியும் வாசித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திருடன் மகள் என்ற பேச்சில்லாமல் என் பிள்ளை மணமேடை ஏறப் போகிறாள். அண்ணாச்சி எனக்கு விட்டுச் சென்றிருப்பது அந்த ஒரு வரிதான்.