என்ன பெரிய பெரியப்பா

‘பெரிய’ என்ற சொல்லுக்கு என்னென்ன அர்த்தம் உண்டோ, எல்லாவற்றையும் வீட்டில் கேட்டு வரச் சொன்னார் எங்கள் நாலாம் வகுப்புத் தமிழ் டீச்சர். புத்தகத்தில் இருக்கிற மா, பேர், நெடிய, பரந்த எல்லாம் வேண்டாமாம். வாயில் புழங்குவதுதான் வேண்டுமாம். இதென்ன கஷ்டம்? அம்மா அடுப்படியில் நின்றபடியே அடுக்கிக்கொண்டு போனாள். வசதியான குடும்பம் என்றால் பெரிய இடம். சாவு என்றால் பெரிய காரியம். பெண் வயதுக்கு வந்தால் பெரிய மனுஷி. அலட்டிக்கொள்கிறவன் பெரிய இவன். பொழுது சாய்ந்தபின் யானையை யானை என்று சொல்லக்கூடாது, பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு அது பழகிப்போன பயம். பேரைச் சொன்னால் வந்து நிற்பாராம்.

ஒன்றை மட்டும் அம்மா விட்டுவிட்டாள். “பெரியப்பா?” என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா கரண்டியோடு திரும்பி, அப்பா காதில் விழுந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தாள்.

பெரியப்பா பக்கத்துத் தோட்டத்தில்தான் இருந்தார். பாகம் பிரித்தபோது வரப்பில் நின்ற ஒற்றைத் தென்னை யாருக்கு என்று கிளம்பிய சண்டையில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்னால் நடந்தது அது. அந்த மரத்தில் விழுந்த காயை இவரும் எடுக்கமாட்டார், அவரும் எடுக்கமாட்டார். கிடந்த இடத்திலேயே முளைவிடும். எனக்குப் பெரியப்பாவைக் கண்டாலே ஆகாது. அப்பா நிலைவாசலில் குனிந்து நுழைகிற உயரம். பெரியப்பா அவர் தோளுக்குக்கூட வரமாட்டார், நோஞ்சான் வேறு. இவர் என்ன பெரிய பெரியப்பா என்று நினைத்துக்கொள்வேன்.

கிணற்றை மட்டும் அவர்களால் பிரிக்க முடியவில்லை. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை. அடுத்தவர் முறையில் மோட்டாரைத் தொடுவதும் அவர் கன்னத்தில் அறைவதும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான். பெரியப்பா அதற்கும் மேலே போய், தன் முறையன்று மோட்டாரைப் போட்டதும் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

டீச்சர் கேட்டு வரச் சொன்ன அன்றைக்கு அவர் முறை. பொழுது மசங்குகிற நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. மேல்தோட்டத்துக்காரர். “ஏனுங்க தம்பி, சாப்ட்டாச்சுங்களா? ஊட்ல அம்மணி, கொழந்தை எல்லாம் சௌக்கியந்தானுங்களே?” அப்பாவும் சாவகாசமாக அவர் வீட்டை விசாரித்தார். அதற்குப் பிறகுதான் மனுஷன் விஷயத்துக்கு வந்தார். “ஒண்ணுமில்லீங்க, பெரியவரு எறங்கி உங்கண்ணன் வாழைக்குள்ள பூந்துட்டாருங்க. அண்ணன் அங்கதான் தண்ணி கட்டிட்டிருந்தாருங்க.” இப்படியுமா மரியாதை பார்ப்பார்கள், கடவுளே!

அப்பா பெரியப்பாவின் நம்பரை மனப்பாடமாக அடித்தார். போனை உள்ளேயே வைத்துவிட்டார் போல, பூட்டிய மோட்டார் ரூமுக்குள் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கத்திக் கூப்பிடலாம் என்றால் மோட்டார் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. பட்டாசு இருந்தது, ஆனால் வெடித்தால் மிரண்டு எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? அப்பா செருப்புக்கூடப் போடாமல் கிணற்றை நோக்கி ஓடினார்.

அம்மா என்னை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாழைத்தோப்பில் ஓரிடத்தில் மட்டும் இலைகள் ஆடின. அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் பெரியப்பாவின் டார்ச் வெளிச்சம், ஒன்றும் தெரியாமல், வாய்க்காலோரம் நகர்ந்துகொண்டிருந்தது. ஆட்டம் வெளிச்சத்தை நெருங்கிக்கொண்டே வந்தது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “சாமி, வாழையத் தின்னுட்டு அப்படியே போயிருங்க சாமி” என்று யானையிடமே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மோட்டார் நின்றது. ரூமின் வெளிச்சுவரில் இருந்த பீஸ் கட்டையை அப்பா பிடுங்கிவிட்டார். அந்த அமைதியில் வாழை முறிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆனால் பெரியப்பாவின் கவனமெல்லாம் மோட்டாரில். எங்கள் வீட்டு விளக்கு எரிகிறது, ஆகக் கரண்ட் போகவில்லை, யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். டார்ச் வெளிச்சம் கிணற்றை நோக்கி விறுவிறுவென்று வந்தது.

“எவன்டா எம் மொறையில பீஸப் புடுங்குனது? நீ என்ன பெரிய இவனாடா?”

அப்பா குரலை உயர்த்தவில்லை. மோட்டார் ஓய்ந்திருந்ததால் மாடிவரைக்கும் கேட்டது. “அண்ணா, வாங்ணா. திரும்பிப் பாக்காம வாங்ணா. பெரியவரு பின்னாடி நிக்கறாருங்க.”

பெரியப்பா நின்றுவிட்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பி சொல்கிற பேச்சு. நம்பலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பார். ஐயோ, வந்து தொலையேன் என்று நான் பல்லைக் கடித்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு வாழை சாய்ந்தது. பெரியப்பா ஓடி வந்தார். அப்பா இரண்டு தோட்டத்துக்கும் நடுவிலிருந்த கம்பிவேலிக்கு மேலே கைகளை நீட்டி, என்னைத் தூக்குவதுபோல அக்குளில் பிடித்து அவரைத் தூக்கி இந்தப் பக்கம் இறக்கினார். யானை வேலிவரைக்கும் வரவில்லை. இருட்டுக்குள் நின்று மறுபடி தின்னத் தொடங்கியது.

இருவரும் எங்கள் வாசல் வெளிச்சத்துக்கு வந்தார்கள். நானும் அம்மாவும் இறங்கி ஓடினோம். பெரியப்பா டார்ச்சை அணைத்தார். அப்பாவின் வெறுங்காலையும் அதில் அப்பியிருந்த ஈரச்சேற்றையும் பார்த்தார். ஒரு நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன்.

“ஈரத்துல வெறுங்காலோட நின்னு பீஸப் புடுங்குவியாடா? கூறு இருக்குதா உனக்கு? ஷாக்கடிச்சு விழுந்திருந்தா இந்தப் புள்ளைக்கு நானாடா பதில் சொல்றது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரைக் காப்பாற்றியவரை, அதுவும் எங்கள் வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டுகிறார் இந்தக் குள்ள மனுஷன். அப்பா நினைத்தால் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, “செரீங்ணா, செரீங்ணா” என்கிறார். நியாயம் கேட்கச் சொல்லி அம்மாவின் சேலையை இழுத்தேன். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு காப்பி வைக்கப் போய்விட்டாள். அந்தக் கோபத்தில் மறுநாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பெரியப்பாவை மட்டும் விட்டுவிட்டேன்.

அன்றிரவு பெரியப்பா திட்டிக்கொண்டே இருந்தார். அப்பா இன்னும் கொஞ்சம் குனிந்து நின்றார். எங்கே அவர் மறுபடி பேச்சை நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில்தான் அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.