மூன்றாம் மாடிப் பூட்டு

வினிதாவிடம் மீன் வாங்கியவர்கள் அவள் பேச்சை நம்பியதில்லை. அவளும் யார் பேச்சையும் நம்பியதில்லை. காசிமேட்டு ஏலத்தில் கூடை கீழே இறங்கியதும் மேல் வரிசையைக் கலைத்துவிட்டு அடியில் கை விடுவாள். ஏலம் விடுகிறவன் கத்துவான்.

"மேல புச்சு அடுக்கிட்டு அடில பழச வெப்ப. பாக்காம துட்டு குடுக்க நான் இன்னா லூசா?" என்பாள்.

திருவொற்றியூர் மார்க்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் அதே கை வேறு வேலை செய்யும். நல்ல வஞ்சிரம் இரண்டைத் தெர்மாகோல் பெட்டியில், ஐஸுக்கு அடியில் புதைத்துவிட்டு, கேட்பவர்களிடம் "சங்கராதான் கீது, வஞ்சிரம் வர்ல" என்று முகம் மாறாமல் சொல்லுவாள். விம்கோ நகரிலிருந்து வாடிக்கைக்காரர் வண்டியை நிறுத்தியதும் ஐஸ் விலகும். ஒருவர் ஒரு பொருளை இல்லை என்கிறார் என்றால், அது வேறு யாருக்கோ இருக்கிறது. வியாபாரத்தில் அவள் கற்ற முதல் பாடம் அது.

கொரோனாவின் இரண்டாம் அலையில் மார்க்கெட்டை மூடினார்கள். மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டது. விசைப்படகில் போகும் கணவன் தீபன் வீட்டில் வலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ரயில் பாதையை ஒட்டிய அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு வினிதா போனாள். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். அப்படி உடனே சேர்த்துக்கொண்டதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

போன முதல் வாரத்திலேயே மூன்றாம் மாடியைக் கண்டுபிடித்தாள். படிக்கட்டைத் துடைத்துக்கொண்டே மேலே போனவள், பூட்டியிருந்த கதவின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே வரிசையாகக் கட்டில்கள். மெத்தைகளின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கப்படவில்லை. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சுவரில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. கீழே வாசலில் ஆம்புலன்ஸ்கள் தெரு முனை வரை நின்றிருந்தன. காவலாளி ஒவ்வொரு ஜன்னலாகப் போய் "பெட் இல்ல, பெட் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாவி ஃப்ளோரா சிஸ்டரிடம் இருந்தது. ராயபுரத்துக்காரர். கீழ் வார்டுக்கு அவர்தான் பொறுப்பு. பச்சை ரிப்பனில் கோத்த சாவியைக் கழுத்தில் போட்டு, மேலே கவச உடையை மாட்டிக்கொள்வார். தினமும் மதியம் அந்த உடையைக் கழற்றிவிட்டுத் தனியாக மேலே போவார். உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு இறங்கி வருவார். காலையில் பின் வாசலில் ஓர் ஆள் அவரிடம் பை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்தபடி போவதையும், அவர் அதை மேலே வைத்துவிட்டு வருவதையும் வினிதா இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

கூட வேலை செய்யும் பதுருன்னிசாவிடம் சொன்னாள். "அக்கா, மேல ஒரு வார்டையே பதுக்கி வெச்சிகினு கீறாங்க. பெரிய எடத்து ஆளுங்களுக்கு."

"உனுக்கு எல்லாமே மீன் பொட்டிதான்டி," என்றாள் பதுருன்னிசா. "மூடு வாயை. சூப்பர்வைசர் காதுல வுழுந்தா நாளைக்கு வூட்ல குந்திக்கினு இருப்ப."

"நீ வேணா பாரு. அந்த ஆளு புரோக்கர்தான்."

"மாஸ்க் போட்ட மூஞ்சில புரோக்கர்னு எழுதிக் கீதா?"

அந்த வாரக் கடைசியில் தீபனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கடல் காற்று என்றான். பிறகு பேசுவதைக் குறைத்தான். ஒரு நாள் காலை, வினிதா வேலையில் இருந்தபோது, அவன் தம்பி பிரகாஷ் மீன் ஏற்றும் குட்டியானை வண்டியில் பாய் விரித்து அவனைப் படுக்க வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். வண்டியை ஆம்புலன்ஸ் வரிசையின் கடைசியில் நிறுத்தச் சொன்னார்கள்.

வினிதா ஓடிப்போய்ப் பார்த்தாள். தீபனின் உதடு வெளுத்திருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினான்.

"இன்னா மே... இங்கயும் கியூவா?" என்று சிரிக்கப் பார்த்தான்.

அவள் ஃப்ளோராவிடம் போனாள். "சிஸ்டர், எங்க வூட்டுக்காரு வெளில கீறாரு. மூச்சு வுட முடில."

ஃப்ளோரா ஒரு நோயாளிக்கு ஊசி ஏற்றியபடியே தலையசைத்தார். "பெட் காலியாகட்டும்மா. ஆனதும் சொல்றேன்."

"மேல காலியாத்தான கீது?"

ஃப்ளோரா நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குள் கண்கள் சிவந்திருந்தன. "மேல ஆள் இல்ல வினிதா."

"ஆளுதான் நான் இட்டுனு வரேன்னு சொல்றன்."

அதற்குள் இன்னொரு கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட, ஃப்ளோரா போய்விட்டார். வினிதாவுக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த கேள்விக்கு நிற்காமல் நகர்ந்துகொள்ளும் பதிலை அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்!

மதியம் ஃப்ளோரா கவச உடையைக் கழற்ற வந்தபோது, முதுகுப் பக்கம் இழுத்துக் கொடுக்க வினிதாதான் நின்றாள். ஃப்ளோரா ரிப்பனைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் குளியலறைக்குள் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் வினிதா சாவியை எடுத்துக்கொண்டாள்.

மருத்துவக் கழிவு இறக்கும் லிஃப்டில், பதுருன்னிசா ஒரு பக்கமும் பிரகாஷ் ஒரு பக்கமும் ஸ்ட்ரெச்சரைப் பிடிக்க, தீபனை மேலே ஏற்றினார்கள். "அல்லாவே, எனுக்கு இருக்கற ஒரு வேலையும் போச்சு," என்று முனகிக்கொண்டேதான் பதுருன்னிசா தள்ளினாள். தள்ளிவிட்டதும் கீழ் வார்டுக்கு ஓடிவிட்டாள்.

வினிதா பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். கீழே பார்த்துப் பார்த்துப் பழகியதைப் போலவே சுவர்க் குப்பியில் தண்ணீர் ஊற்றினாள், குழாயைச் செருகினாள், திருகினாள். குப்பிக்குள் குமிழிகள் வந்தன. முகமூடியை மாட்டியதும் தீபனின் மார்பு வேகமாக ஏறி இறங்குவது மெல்லத் தணிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எல்லாம் வேலை செய்கிறது! பாவிகள், பூட்டி வைத்திருக்கிறார்கள்.

கதவோரம் தரையில் ஒரு பாய் கிடந்தது. அதன் மேல் மூடிய டிபன் கேரியர் ஒன்று இருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சூப்பர்வைசர் தேடுவதற்குள் கீழே போக வேண்டும். பிரகாஷ் இருக்கிறேன் என்றான். அவள் விடவில்லை. வெளி ஆள் மாடியில் நடமாடினால் விஷயம் வரிசைக்குத் தெரியும், வரிசை முழுக்க மேலே ஏறும், தீபனை இறக்கிவிடுவார்கள். நல்ல சரக்கு கிடைத்தால் முதலில் மூடு. அதுதான் அவள் அறிந்த தொழில். பிரகாஷை வண்டிக்கே அனுப்பிவிட்டாள்.

"தூங்கு. ஒரு நிமிசத்துல வந்துர்றன்," என்று தீபனிடம் சொல்லிவிட்டு, கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கவச உடைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒரு நிமிஷத்தில் வர முடியவில்லை. கீழே ஒரு கட்டில் காலியாகியிருந்தது. எப்படிக் காலியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உடலைச் சுற்ற வேண்டும், கட்டிலைக் கழுவ வேண்டும், அடுத்த ஆளை ஏற்ற வேண்டும். சூப்பர்வைசர் கூடவே நின்றார். ஃப்ளோரா கொக்கியைப் பார்ப்பதையும், தரையைப் பார்ப்பதையும், பிறகு யாரோ கூப்பிட்டுத் திரும்புவதையும் வினிதா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தரையைத் துடைத்தாள். அன்று மதியம் ஃப்ளோரா மேலே போகவே இல்லை.

வினிதா மூன்றாம் மாடிக்குத் திரும்பியபோது கட்டில் வெறுமையாக இருந்தது. குப்பி மட்டும் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. தீபன் இரண்டு கட்டில்களுக்கு நடுவே தரையில் கிடந்தான். சிறுநீர் கழிக்க எழுந்தானோ, மூச்சு முட்டி முகமூடியைப் பிய்த்தானோ தெரியவில்லை. நகங்கள் நீலமாகியிருந்தன. கதவுப் பக்கம் கையை நீட்டியபடி கிடந்தான்.

அவள் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. திருகைத் திருப்பினாள். எந்தப் பக்கம், எவ்வளவு? எதுவும் தெரியவில்லை. படிக்கட்டுக்கு ஓடி, மாடிகள் அதிரக் கத்தினாள். "சிஸ்டர்! சிஸ்டர்! மேல வாங்க!"

கவச உடையோடு மூன்று மாடி ஏறி வந்த ஃப்ளோரா எதுவும் கேட்கவில்லை. "கால புடி. மல்லாத்திப் போடு. தலைய இந்தப் பக்கம்." கொண்டுவந்த காற்றுப் பையை அவன் வாயில் வைத்து அழுத்தினார். முகமூடியை மாற்றினார், ஊசி போட்டார், மறுபடி மறுபடி விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். வினிதா அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கருவியின் எண் ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெகுநேரம் ஏறவில்லை. பிறகு ஏறியது.

"சாவிய எடுத்தது கூட பரவால்ல," என்றார் ஃப்ளோரா, மூச்சு வாங்க. "பூட்டிட்டுப் போனியே."

"யாருக்காச்சும் தெரிஞ்சிடும்னு..."

"கட்டில் இருக்கு, காத்து இருக்கு. பாத்துக்க ஆள் இல்லன்னு சொன்னேன்ல? எங்கூட மூணு சிஸ்டர் இருக்கணும். ரெண்டு பேரு ஜுரத்துல படுத்துட்டாங்க. ஒருத்தி வேலைய வுட்டுட்டா. இந்தக் கதவத் தொறந்தா இங்க இருக்கறவங்கள யாரு பாப்பா? நானா? நான் இப்ப இங்க இருக்கேன். கீழ யாரு இருக்காங்க?"

கேட்டுவிட்டு அவரே திடுக்கிட்டவர்போல எழுந்தார். "நீ நகரக் கூடாது. நம்பர் இறங்கினா கத்து," என்று சொல்லிவிட்டுப் படிகளில் ஓடினார்.

வினிதா நகரவில்லை. சாயங்காலம், பின் வாசலில் பார்த்த அதே ஆள் படியில் நின்று, "எங்க வூட்டுக்காரி சாப்டாளா?" என்று கேட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அருள்பிரகாசம், ஃப்ளோராவின் கணவர். ஃப்ளோரா வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிறது, தினமும் சோறு கொண்டுவருவது அவர்தான். வினிதா திரும்பிப் பாயைப் பார்த்தாள். கேரியர் திறக்கப்படாமலே இருந்தது.

தீபன் பிழைத்தான். இப்போது படகில் போகிறான், ஆனால் வலை இழுப்பதில்லை. ஸ்டியரிங் பிடிக்கிறான்.

சில நாட்களில் மூன்றாம் மாடியைத் திறக்க அதிகாரி ஒருவர் வந்தார். வெளியூரிலிருந்து வந்த நர்ஸுகள் வரிசையாக நிற்க, படம் எடுத்தார்கள். துடைப்பத்தோடு ஓரமாக நின்ற வினிதா கேட்டாள்: "சார், கட்டிலு வாங்கினப்பவே இவங்கள ஏன் வேலைக்கு எடுக்கல? யாரு வாணாம்னது?"

"பார்க்கிறோம்மா," என்றார் அவர். மறுநாளிலிருந்து அவளுக்கு வேலை இல்லை. அந்தக் கேள்வியை அவள் இன்னும் விடவில்லை. கவுன்சிலரைப் பார்த்தாலும் கேட்பாள், ஓட்டு கேட்டு வருகிறவர்களிடமும் கேட்பாள்.

ஃப்ளோராவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், வேலையிலிருந்து போகும்போது. "அன்னிக்கு நீங்க மேல இருந்தப்ப, கீழ யாருக்கனா..."

"எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க," என்றார் ஃப்ளோரா. சொல்லிவிட்டுக் கையுறையை மாட்ட ஆரம்பித்தார்.

பதுருன்னிசா அன்றைக்குக் கீழ் வார்டில்தான் இருந்தாள். அவளிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும். இரண்டு பேரும் வாரத்தில் ஒரு நாளாவது தேரடியில் சந்தித்துக்கொள்கிறார்கள். டீ குடிக்கிறார்கள், சூப்பர்வைசரைத் திட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். வினிதா இன்றுவரை அதைக் கேட்கவில்லை. பதுருன்னிசாவும் சொல்லவில்லை.