நாக்கால் சோதித்து வாங்கிய வீடு

பினாங்கில் எங்கள் வீட்டைப் போலச் சோதித்து வாங்கிய வீடு வேறொன்று இருக்க முடியாது. சோதித்தது என் நாக்கு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது.

அப்போது எனக்கு எட்டு வயது. என் கல்யாணத்துக்கென்று சேர்த்த நகைகளை விற்று, வாடகைக்கு விட ஒரு கடைவீடு வாங்குவதென்று அம்மா தீர்மானித்துவிட்டாள். துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர்களுக்குக் கங்காணியாக இருந்த அப்பாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. நகையில்லாத பெண்ணை எவன் கட்டுவான் என்பது அவர் கவலை.

"நகை பெட்டியில தூங்கும். வீடு மாசாமாசம் சம்பாதிக்கும்," என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அப்பாவே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். கால்வாய்க்குப் பக்கத்தில், புதிதாக வெள்ளையடித்து, மாப்பிள்ளை மாதிரி நின்ற வீடு. நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துத்தான் போயிருந்தார். நம்மவர்களே அப்படித்தான், ராகுகாலம் பார்ப்பார்கள், சாக்கடையைப் பார்க்க மாட்டார்கள்.

முன்பணம் கொடுக்கக் கிளம்பியவரை அம்மா பௌர்ணமிவரை பொறுக்கச் சொன்னாள். அன்றைக்குக் கடல் ஏறும் நேரமாகப் பார்த்து, உச்சிவெயிலில் என்னை இழுத்துக்கொண்டு போனாள். தரகர் வாசலில் நின்று வீட்டின் பெருமையை அளந்துகொண்டிருக்க, அவள் நேரே அடுப்படிக்குள் நுழைந்து, கதவுக்குப் பின்னால் வெள்ளையடிக்கும் மட்டை எட்டாத மூலையைக் காட்டினாள்.

"நக்கிப் பாரு."

"நீயே பாரும்மா."

"வெத்தலை போட்டுப் போட்டு என் நாக்கு செத்துப்போச்சு. நக்குடி."

நக்கினேன். கருவாடு தோற்றது. உப்புக் கரிக்கிறது என்றேன். அதற்குள் பின்பக்கச் சாக்கடையில் கடல்தண்ணீர் எதிர்த்து ஏறி வந்துகொண்டிருந்தது. தரகர் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

மூன்று தெரு தள்ளி இன்னொரு வீடு. பார்க்க அழுதுவடிந்தது, கூரையில் நாலு ஓடுகளைக் காணோம். அம்மா வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த குடித்தனக்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க அக்கா?"

"பன்னெண்டு வருஷம்லா. ஓடு மாத்தித் தரமாட்டேங்கறான், அதான் குறை. தண்ணியெல்லாம் ஏறாது."

அந்தச் சுவரையும் நக்கினேன். வெறும் மண் ருசிதான். பன்னிரண்டு வருஷம் ஒருத்தி போகாமல் இருக்கிறாளென்றால் ஓடுகளை நாம் மாற்றிக்கொள்ளலாம் என்றாள் அம்மா.

அந்த மாதமே நகை போயிற்று, வீடு வந்தது. வாடகையில் கை வைக்கும் முன் ஓடுகளை மாற்றினாள். அந்த அக்கா கடைசிவரை எங்கள் குடித்தனக்காரியாகவே இருந்தாள். அப்பாவும் துறைமுகம் முழுக்க, "எம்பொஞ்சாதி பார்த்த வீடு," என்று சொல்லித் திரிந்தார். என்ன மனுஷர்!

பத்திரத்தை என் பெயருக்கு எழுதச் சொன்னது அம்மாதான். சுவரை நக்கியதற்குக் கூலி என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

என்னைக் கட்டியவர் கப்பலேறிப் போய்த் திரும்பாத வருஷம், கைக்குழந்தையோடு நான் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. அப்படி ஒரு நாளுக்காகத்தான் அம்மா அன்றைக்கே வெயிலில் அலைந்தாள் என்பது எட்டு வயதில் எனக்கு எங்கே தெரிந்தது?