பால்சோற்றில் ஒரு முழுப் பாதாம்

விபெகே சமையல் கற்றது தரையில் அல்ல. நார்வேக்குப் போய்வரும் பெரிய படகுகளில் லாரி ஓட்டுநர்களுக்கு வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். அலை அடித்துச் சட்டி அடுப்பை விட்டுத் தாவினால், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே கடலைத் திட்டுவாள். கல்யாணம் முறிந்ததும் கடலும் போதும் என்று கரைக்கு வந்தாள். டென்மார்க்கில் லெம்விக் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையற்காரி வேலை கிடைத்தது. குரல் மட்டும் கப்பல் குரலாகவே இருந்தது. காது மந்தமானவர்கள் நிறைந்த வீட்டில் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பயந்து பயந்து சாப்பிடுவது சாப்பாடு இல்லை, மருந்து என்பாள். எண்பது வயதில் வெண்ணெயைக் குறைக்கச் சொல்லும் டாக்டர்களைப் பற்றி அவள் சொல்வதை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒரு மனிதர் விஷயத்தில் மட்டும் அவளே பயந்து பயந்துதான் சமைத்தாள். அவர் ஹோல்கர்.

ஹோல்கர், ஊரை ஒட்டிய ஃபியோர்டு என்ற கடற்கழியில் சிப்பி அள்ளிய மீனவர். பக்கவாதம் வந்து இந்த இல்லத்துக்கு வந்தபோது கால் போயிருந்தது, பேச்சு பாதி போயிருந்தது, தொண்டை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே போகிற எதுவும் வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும். அதனால் எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துத்தான் தர வேண்டும். வாத்து பழுப்புக் கூழ், உருளைக்கிழங்கு மஞ்சள் கூழ், சிவப்பு முட்டைகோஸ் ஊதாக் கூழ். விபெகே அந்தப் பழுப்புக் கூழை அச்சில் அழுத்தி வாத்துக்கால் வடிவத்தில் வைப்பாள். ஹோல்கர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, குழறும் நாக்கில், "இந்த வாத்து... தண்ணியில விழுந்து... கரைஞ்சு போச்சா" என்பார்.

டிசம்பர் தொடக்கத்தில் இல்லத்து நிர்வாகி எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்து, இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பால்சோற்றில் முழுப் பாதாம் வேண்டாம் என்றார். யாருக்காக என்று சொல்லவில்லை. எல்லோரும் ஹோல்கரைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

கிறிஸ்துமஸ் இரவு விருந்தின் முடிவே அந்தப் பால்சோறுதான். குளிர்ந்த பால்சோற்றில் அடித்த க்ரீமும் வெனிலாவும் கலந்து, மேலே சூடான செர்ரிச் சாறு ஊற்றிச் சாப்பிடுவார்கள். பெரிய பாத்திரத்தில் ஒரே ஒரு முழுப் பாதாம் கிடக்கும். கிடைத்தவர் அதை வாயில் ஒளித்துக்கொண்டு, பாத்திரம் காலியாகும்வரை ஒன்றும் தெரியாதவர்போல் இருக்க வேண்டும். கிடைக்காதவர்களும் கிடைத்ததுபோல் கன்னத்தை உப்பி நடிப்பார்கள். பாதாம் மாவையும் சர்க்கரையையும் பிசைந்து செய்த ஒரு பன்றிக்குட்டிதான் பரிசு. வயது வந்த மனிதர்கள், பாதிரியார் உட்பட, இதற்காகக் கூசாமல் பொய் சொல்வார்கள்.

"அப்போ அதுக்குப் பால்சோறுன்னு சொல்லாதீங்க. ஆஸ்பத்திரிக் கஞ்சின்னு சொல்லுங்க" என்றார் ரிக்மோர். வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். ஊரில் பாதிப் பேர் இன்னும் அவரைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் ஹோல்கருக்குப் பக்கத்து இருக்கை அவருடையது.

நிர்வாகி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விபெகே குறுக்கே விழுந்தாள். "பாதாம் இருக்கட்டும். மத்த பாதாமையெல்லாம் மாவா அரைச்சுப் போட்டுடறேன், முழுசு ஒண்ணுதான். ஹோல்கருக்குத் தனிக் கிண்ணம், பருக்கை இல்லாம வழவழன்னு. அவருக்கு நான் பொறுப்பு. ஏதாவது ஆனா என்னைக் கேளுங்க."

நிர்வாகி யோசித்துவிட்டுச் சரி என்றார். ஹோல்கர் ஜன்னல் வழியாக ஃபியோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. விபெகேயும் கேட்கவில்லை.

விருந்து நன்றாகத்தான் போனது. வெளியே நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. மசாலா போட்டுக் காய்ச்சிய சிவப்பு ஒயின் ஒரு சுற்று வந்தது. வாத்துத் தோல் மொறுமொறுவென்றிருந்தது. சர்க்கரைப் பாகில் புரட்டிய சின்ன உருளைக்கிழங்குக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். குடும்பங்களுக்குக் கொடுக்க இல்லத்தில் இருப்பவர்களே உருட்டிய சாக்லேட் மிட்டாய்கள் பெட்டி பெட்டியாக அலமாரியில் இருந்தன. பக்கத்தில், கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு பன்றிக்குட்டி.

விபெகே ஹோல்கரின் கிண்ணத்தைத் தன் கையாலேயே அவர் முன்னால் வைத்தாள். பருக்கை இல்லை, சாறையும் வடிகட்டியிருந்தாள். பிறகு பெரிய பாத்திரம் சுற்றி வந்தது. எல்லோர் தட்டிலும் விழுந்ததைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் செர்ரிச் சாறு சூடாக்கச் சமையலறைக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது ஹோல்கர் முன்னால் ஒரு தட்டு இருந்தது. அதில் அரிசிப் பருக்கை இருந்தது. அவருடைய உதட்டு ஓரத்திலும் ஒரு பருக்கை. அவருடைய கிண்ணம் ரிக்மோர் முன்னால் வழித்து வைத்த மாதிரி காலியாகக் கிடந்தது.

"ரிக்மோர், இது யாரோட கிண்ணம்?"

"என்னோடது. தின்னுட்டேனே, தெரியலையா."

"இது ஹோல்கரோடது."

"அப்படியா. கண்ணு வரவர மங்கிக்கிட்டே போகுது எனக்கு." காலையில்தான் கண்ணாடி போடாமல் குறுக்கெழுத்து முழுவதையும் முடித்திருந்தார்.

விபெகே ஹோல்கரைப் பார்த்தாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. வலது கன்னம் புடைத்துக்கொண்டிருந்தது.

கையிலிருந்த சாறு ஜாடியைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை. "பாதாம் யார்கிட்ட இருக்கு? இப்பவே சொல்லுங்க."

அந்த மேசையில் கேட்கக்கூடாத கேள்வி அது ஒன்றுதான். ஒன்பது பேரும் சட்டென்று யோக்கியர்களானார்கள். ஒருத்தர் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு அம்மாள் நாக்கால் கன்னத்தை உப்ப வைத்தார். ஓய்வுபெற்ற பாதிரியார் கூரையைப் பார்த்தபடி தாடையைத் தடவினார்.

"விளையாட்டு இல்ல. நிஜமாத்தான் கேக்குறேன்."

அவர்கள் எண்பது வருடமாகக் கேட்டுப் பழகிய வசனம் அது. அவர்களின் அம்மாக்களும் சின்ன வயதில் அப்படித்தான் மிரட்டினார்கள். ஒருவரும் அசையவில்லை. இந்த வருடம் விபெகே பிரமாதமாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உதவியாளன் தோர்பென் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தான். "நகரு. விரல் விட்டு எடுத்துடறேன்." ஹோல்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயை இன்னும் இறுக்கினார். விபெகே தோர்பெனின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் இங்கே சேர்ந்த புதிதில் ஒரு அம்மாளுக்கு ஆப்பிள் துண்டு அடைத்தது. வாயைப் பிளந்து விரலை விட்டார்கள், அவர் திணறி மூச்சை உள்ளே இழுத்தார், துண்டும் கூடவே போனது. கடைசிவரை அந்த அம்மாள் ஒரு சத்தமும் போடவில்லை. மூச்சு அடைப்பவர்கள் கத்த மாட்டார்கள் என்பது விபெகேக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஹோல்கரும் சத்தம் போடவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. விளையாடுகிறவரும் பேச மாட்டார், அடைத்துப்போனவரும் பேச மாட்டார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அவர் நாற்காலி அருகே மண்டியிட்டாள். "ஹோல்கர், பேச வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க. வாயில இருக்கா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். இருந்தாலும் அப்படித்தான் ஆட்டுவார். அடுத்து ஒரு இருமல், ஈரமாக, சின்னதாக. நெற்றி சிவந்தது. உதட்டின் நிறம் மாறுகிறதா என்று விபெகே பார்த்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிந்தது. அந்த மெழுகுவர்த்திகளை ஏற்றச் சொன்னதும் அவள்தான்.

பாத்திரம் காலியானால் ஆட்டம் முடிந்தது. பாத்திரத்தில் இன்னும் கால்வாசி இருந்தது.

"தோர்பென், உக்காரு. தின்னு."

"என்னது?"

"தின்னுடா. கேள்வி கேக்காத."

அவன் தின்றான். அவள் நின்றுகொண்டே பரிமாறும் கரண்டியால் அள்ளி அள்ளி வாயில் போட்டாள், கண் ஹோல்கரின் கழுத்தை விட்டு நகரவில்லை. க்ரீம் நெஞ்சைக் கரித்தது. பாதிரியார் தன் தட்டையும் நீட்டி, நானும் உதவி செய்கிறேன் என்றார். கடைசிக் கரண்டி போனதும் அவள் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். "முடிஞ்சுபோச்சு. பாருங்க, ஒண்ணும் இல்ல. யார்கிட்ட இருக்கோ வெளிய எடுங்க."

யாரும் எடுக்கவில்லை. ஹோல்கர் அவளையே பார்த்தார், கன்னம் இன்னும் புடைத்திருந்தது. எல்லோரும் தோற்றுப்போனோம் என்று கைவிரிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இந்த ஆட்டத்தில் பெரிய கெட்டிக்காரத்தனம். வீட்டில் இருந்தபோது அவர் காபி வரும்வரை தாக்குப்பிடித்தார் என்று மகன்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. விபெகே எழுந்தாள். அலமாரியிலிருந்து பன்றிக்குட்டியை எடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "என் மேலதான் தப்பு. பாதாமைப் போடவே மறந்துட்டேன். இந்த வருஷம் பரிசு இல்ல. இதை உள்ள வச்சுடறேன்."

பரிசு கைவிட்டுப் போகிறது என்று ஹோல்கர் நம்பவேண்டுமென்றால் நிஜமாகவே போக வேண்டும். நிஜமாகப் போவதென்றால் ஹோல்கருக்கு முதுகைக் காட்ட வேண்டும். அந்தச் சமையலறை வாசல் தொலைவில் இல்லை. அன்றைக்கு அது நார்வே வரைக்கும் நீண்டது. நடந்தாள். பின்னால் ஒரு கரண்டி தட்டில் உரசியது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தோர்பென் ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் பொய் உடைந்துவிடும். திரும்பாவிட்டால் அவர் அங்கே நீலம் பாய்ந்துகொண்டிருக்கலாம்.

"பொய்."

குழறலாக, ஆனால் வாய் நிறைய எதுவும் இல்லாத குரல். அவள் திரும்பினாள். ஹோல்கர் வாயை ஆவென்று திறந்து நாக்கை வெளியே நீட்டியிருந்தார், டாக்டரிடம் காட்டுவதுபோல. உள்ளே ஒன்றுமில்லை. கன்னம் தட்டையாக இருந்தது. இவ்வளவு நேரமும் புடைத்திருந்தது அவருடைய நாக்குதான். மேசைக்கு அடியிலிருந்து இடது கை மெல்ல மேலே வந்தது. உள்ளங்கையில் பாதாம்.

அது காய்ந்திருந்தது. சோறோ க்ரீமோ ஒட்டியிருக்கவில்லை, யாரோ துணியால் நன்றாகத் துடைத்திருந்தார்கள். ரிக்மோர் தன் கைத்துணியை மிகக் கவனமாக மடித்துக்கொண்டிருந்தார். விபெகேக்கு அப்போதுதான் விளங்கியது. பாதாம் விழுந்தது ரிக்மோரின் தட்டில். அதை மேசைக்கடியில் ஹோல்கர் கையில் அழுத்திவிட்டு, அவருக்கு எப்படிக் கிடைத்திருக்கும் என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று தட்டையும் மாற்றியிருக்கிறார். இரண்டு கரண்டி பருக்கைச் சோறு மட்டும் உள்ளே போயிருந்தது. இருமல் அதற்குத்தான்.

முதலில் வந்தது கோபம். படகில் கடலைத் திட்டிய அதே குரல் வந்தது. "உங்க ரெண்டு பேருக்கும் அறிவிருக்கா? எனக்கு உசுரே போயிடுச்சு. நீங்க செத்துட்டீங்கன்னே நினைச்சேன் நான்."

"தெரியும்" என்றார் ஹோல்கர். முகம் முழுக்கச் சந்தோஷம். "உன் மூஞ்சிய... பாத்தேன்."

"இதுல சிரிப்பு வேற."

அவர் சிரிப்பை நிறுத்தினார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். "ரெண்டு வருஷமா... இந்த மேசையில... யாருமே என்னைச் சந்தேகப்படல."

போன வருடம் அத்தனை பேரும் ஒருவர் கன்னத்தை ஒருவர் உற்று உற்றுப் பார்த்துச் சிரித்தது விபெகேக்கு ஞாபகம் வந்தது. அவரிடம் இருக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்ததால் அவர் பக்கம் மட்டும் ஒரு பார்வைகூடப் போகவில்லை. அவளும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. போய்ப் பன்றிக்குட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

அவரால் அதைத் தின்ன முடியாது, அது அவருக்கும் தெரியும். கத்தி கேட்டார். நல்ல கையால் அழுத்தி, ஒழுங்கில்லாத துண்டுகளாக வெட்டி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். ரிக்மோருக்குப் பின்தொடை. பாதிரியாருக்கு வால். தலையை ரிப்பனோடு விபெகேயிடம் நீட்டினார்.

அவள் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றும் மென்றும் அது உள்ளே இறங்கவில்லை. அது இறங்கும்வரை ஹோல்கர் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் சரி என்று தலையாட்டிவிட்டு, தோர்பெனைக் கூப்பிட்டு அவனுக்கு ஒரு காதை வெட்டிக் கொடுத்தார்.