மஞ்சள் மூக்கு ஆள்காட்டி

இன்று திருச்சுழி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பாளையம்பட்டியில் பலசரக்குக் கடைக்காரர். கடையை விற்றுவிட்டுப் பரளச்சிப் பக்கம் நிலம் வாங்கி விவசாயம் பார்க்கப் போகிறாராம். தரகர் அனுப்பிய வீடியோவைக் காட்டினார்.

"பாருங்க சார், ஆக்காட்டி நிக்கிது. கம்மாக்கரைக் குருவி. அப்ப தண்ணிக்குப் பஞ்சமில்லைல்ல?"

பார்த்தேன். அதன் கண்ணுக்கு முன்னால் தொங்கிய தோல் மஞ்சளாக இருந்தது. கண்மாய்க்கரையில் நாம் பார்க்கும் ஆள்காட்டிக்கு அது சிவப்பு. இரண்டும் ஆள்காட்டிதான், ஆனால் இனம் வேறு. சிவப்பு தண்ணீரை ஒட்டித் திரியும். மஞ்சளுக்குக் காய்ந்த பொட்டல்தான் பிடிக்கும்.

பின்னால் நின்ற மொட்டை வேம்பும் தெரிந்தது. என் அண்ணனின் புஞ்சை. பாகம் பிரித்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

குருவி வித்தியாசத்தைச் சொன்னேன். அங்கே இரண்டு முறை போர் போட்டும் புழுதிதான் வந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "கடைக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேனே சார். போர் போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விக்கிறது எங்க அண்ணன்."

உடனே சிரித்துவிட்டார். "அட, பங்காளிச் சண்டையா! நான் பயந்தே போயிட்டேன். வாரேன் சார்." திருச்சுழியில் இறங்கிப் பரளச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. என்னை விடுங்கள், அந்தக் குருவிக்கும் அண்ணனுக்கும் என்ன பகை?

அடுத்த முறை யாராவது கேட்டால், எனக்கு அண்ணனே கிடையாது என்று சொல்லிவிடவா?