நார்மல் என்று நான் சொல்லிக்கொடுத்தது

வேலூரில் நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் ஆரோக்கியமான மனிதத் தோலுக்கு எப்போதும் தட்டுப்பாடு. நோயாளிகள் தருவார்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை. நோயில்லாதவனிடம் போய், கையில் பருப்பளவு தோல் வெட்டிக்கொள்கிறேன் என்றால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான தோலுக்கு ஊழியர்களே சொந்தபந்தத்தில் யாரையாவது பிடித்துவருவது இங்கே வழக்கம். நான் பிடித்தது என் அண்ணனை.

அண்ணன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், அடிப்பாகத்துக்குப் பசை தடவி ஒட்டும் பிரிவில், நாள் முழுக்க அந்தப் பசை நெடியில் இருக்கிறான். தான் மட்டும் வராமல் கூட வேலை செய்யும் தோஸ்த்துகளையும் கிளப்பிக்கொண்டு வந்தான். ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டு, கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டே சட்டைக்கையைச் சுருட்டினார்கள்.

தோலிலிருந்து செல்களை வளர்த்து, உள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒளிரும் சாயம் ஏற்றிப் படம் எடுப்போம். செல்லுக்குச் சக்தி தருவது அதுதான். அதன் வடிவத்தைப் பார்த்து, செல் நன்றாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டரே சொல்லவேண்டும். அதற்குப் பாடம் நடத்தியவள் நான். அண்ணன் கூட்டத்தின் படங்களைக் காட்டி, இதுதான் நார்மல், இதிலிருந்து விலகினால் கோளாறு என்றேன். படங்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தன. நாங்கள் செல் வளர்க்கும் விதம் அப்படி என்று எல்லோருமாக நினைத்துக்கொண்டோம்.

போன மாதம் வேறொரு ஊர் ஆய்வகத்திலிருந்து ஆரோக்கியமானவர்களின் செல்கள் வந்தன. அத்தனையையும் கோளாறு என்றது கம்ப்யூட்டர். அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரித்தோம். பிறகு நான் படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். வெளியூர்க்காரர்களுடையது நீள நீளமான சேமியா. அண்ணன் கூட்டத்துடையது பாக்கெட்டின் அடியில் கிடக்கும் தூள். அதே சாயம், அதே வளர்ப்பு. இந்தத் தூளைத்தான் நார்மல் என்று காட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டர் தப்புச் செய்யவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறது.

பேராசிரியர் படங்களை வெகுநேரம் பார்த்தார். பசையா வேறெதுவுமா என்று நமக்குத் தெரியாது, இது நோய்தானா என்றும் தெரியாது, மறுபடி தோல் எடுக்காமல் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்றார். நியாயம்தான். ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. யார்மேலாவது வரவேண்டியிருந்தது. கொஞ்ச காலமாக அண்ணன் ஞாயிறு முழுக்கப் படுத்தே கிடக்கிறான். மாடிப்படியில் பாதியில் நின்று தொடையைப் பிடித்துக்கொள்கிறான். சோம்பேறி என்று அண்ணி திட்டுகிறாள்.

சாயங்காலம் போன் செய்தேன். கம்பெனி பஸ்ஸில் இருந்தான். மறுபடியும் தோல் வேண்டும் என்றதும் குஷியாகிவிட்டான்.

"எங்க செக்சன்ல புதுசா பசங்க சேர்ந்துக்கிறாங்க. நல்லா திடமான ஆளா பார்த்து இட்டுனு வர்றேன்."

"வேற யாரும் வேணாம்ணா. மொதல்ல நீ வா."



"ஏன், எனக்கு இன்னா?" என்றான்.

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "நாளைக்கே வாண்ணா" என்றுதான் வந்தது.