ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். உத்திரமேரூரைச் சுற்றியிருக்கிற தாய்மார்களெல்லாம் கூடிப் பேசிக்கொண்டு ஒரே நாளில் பெற்றெடுத்தார்கள் என்று பொருளில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வருகிறவர்களிடம் பிறந்த தேதி கேட்டால், "நாத்து வுட்ட மாசம் சார், நல்ல மயை" என்பார்கள். பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. ஜூன் ஒன்று என்று எழுதிக்கொள்வார். அந்தத் தேதி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் வருஷக்கணக்காகத் தூங்கிக்கிடந்தது. தட்டி எழுப்பியது கம்ப்யூட்டர்.

இரண்டாயிரங்களின் நடுவில், ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்த என்னிடம் கம்ப்யூட்டர் அறையின் சாவியும் வந்து சேர்ந்தது. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருந்தேன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. "ரெண்டும் தட்றதுதானே டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

பாடம், பரீட்சை, மதிப்பெண் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கூட்டம் போட்டார். எங்கள் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று, வாலாஜாபாத்தில் என் தோழி தன் பள்ளியில் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சி.டி. எதைப் போட்டாலும் அந்த ஒரே கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிடக்கும். பிள்ளைகளின் பெயர்கூட வேண்டாம், ரோல் நம்பர் போதும். மற்றது சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் கொண்டுவந்த வெப்சைட். பிள்ளைக்கு ஒரு பக்கம். அதில் மதிப்பெண், போட்டோ, அப்பா பெயர், சாதி, ஊர், போன் நம்பர். பிள்ளை வராவிட்டால் வீட்டுச் செல்போனுக்குத் தானாகவே செய்தி போகும்.

"மதிப்பெண் போட சாதி எதுக்கு சார்?" என்றேன்.

"எல்லா ஸ்கூலுக்கும் ஒரே ஃபார்மட் மேடம்."

"போன் நம்பர் வெப்சைட்ல ஏன் தெரியணும்?"

"பாஸ்வேர்ட் இருக்கே மேடம். ரோல் நம்பர் போட்டு பிறந்த தேதி போட்டாத்தான் திறக்கும். ஸ்டூடன்ட் பிறந்த தேதி வேற யாருக்குத் தெரியப்போகுது?"

கணக்கு வாத்தியார் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. எதற்கென்று தெரியாமல் கம்பெனிக்காரரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்த அதே வாயால் எல்லோரும் அதற்கே சரி சொன்னார்கள். ஏனென்றால் அது இலவசம், ஏனென்றால் அது இன்டர்நெட், ஏனென்றால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "கவிதை எழுதறவங்களுக்குக் காத்தடிச்சாலும் பயம்" என்றார் தலைமையாசிரியர். ஏரிக்காற்று ஜன்னலை அடித்துச் சாத்தியது. நான்தான் எழுந்துபோய்க் கொக்கி போட்டேன்.

சுண்ணாம்புச் சுவரோரம் நிற்கவைத்துப் பிள்ளைகளைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரவர் வீட்டுப் போன் எண் பள்ளிப் பதிவிலிருந்து அப்படியே போயிற்று. வீட்டு எண் என்றா சொன்னேன்? யார் வீட்டில் போன் இருந்தது? பக்கத்து வீட்டு எண், எதிர்வீட்டு எண், நிலக்காரர் வீட்டு எண். பி.பி. என்று இரண்டெழுத்து போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பஜாரில் செருப்புக்கடைக்கு மேலே பாய் ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பிளைவுட் தடுப்பு, ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரை. அங்கே ஒரு பையன் கைதவறி இன்னொருவனின் ரோல் நம்பரை அடித்துத் தன் தேதியையே போட, பக்கம் திறந்துகொண்டது. அதற்கப்புறம் யாரும் கைதவறி அடிக்கவில்லை. வேண்டுமென்றே வரிசையாக அடித்தார்கள்.

காவாந்தண்டலத்திலிருந்து வந்த ஒரு பெண் என் வகுப்பில் படித்தாள். கட்டுரை எழுதச் சொன்னால் தாள் போதாது என்பாள். அவள் தெருவின் ஒரே போனுக்கு ஒரு சாயங்காலம் எவனோ கூப்பிட்டு அவளைக் கேட்டிருக்கிறான். போன் வீட்டு அம்மாள் வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "உம்பொண்ணுக்குப் போனு, யாரோ பையன்" என்று குரல் கொடுத்திருக்கிறாள். அடுத்த நாளும் கூப்பிட்டான். அதற்கடுத்து இன்னொருவன்.

அவள் அப்பா வயல் சேறு காயாத காலோடு வந்து நின்றார்.

"இன்னா டீச்சரம்மா, எம்பொண்ணு மூஞ்சி பஜார்ல கீதாமே. டி.சி. குடுத்துடுங்க."

"அவ மேல ஒரு தப்பும் இல்லைங்க."

"அவ மேல இருந்தா நாலு அறை அறைஞ்சி நானே இட்டாந்து வுடுவேன். அந்தப் படமும் நம்பரும் போவணும். போற வரிக்கும் அவ வூட்லதான். அப்பறம் மாப்ள பாக்க ஆரம்பிச்சிடுவேன், சொல்லிக்கினேன்."

நான் பாயிடம் ஓடினேன். "கேபினுக்குள்ள நான் எட்டிப் பாக்கறதில்ல டீச்சர். அது கஸ்டமர் மருவாதி" என்றார். பார்க்கிற பையன்களுக்குத் திரை போட்டுத் தந்த ஊர் இது. கம்பெனிக்குப் போன் செய்தேன். அழிப்பதென்றால் மெயில் போட வேண்டுமாம். மெயில் போட்டேன். தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டுமாம். தலைமையாசிரியரோ, "நாலு பசங்க விளையாட்டுக்கு நல்ல வெப்சைட்டைக் கெடுக்கணுமா?" என்றார்.

"படத்தையாவது எடுங்க சார்" என்றேன் கம்பெனிக்காரரிடம்.

"முடியாது மேடம். போட்டோவை யாரும் மாத்தக்கூடாதுன்னு லாக் பண்ணியிருக்கு. உங்க பிள்ளைங்க பாதுகாப்புக்குத்தான்."

தலையை எந்தச் சுவரில் மோதுவது? அந்தப் பெண்ணின் பெஞ்சில் ஓர் ஆள் அகலத்துக்கு வெயில் உட்கார்ந்திருந்தது. வருகைப் பதிவில் அவள் வரவில்லை என்று நானே தட்ட வேண்டியிருந்தது. அப்படித் தட்டும்போதுதான் பார்த்தேன். ஆசிரியர் திருத்தக்கூடியது ஒன்று இருந்தது. பெற்றோர் போன் நம்பர்.

என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருடைய நம்பரையும் அழித்துவிட்டுக் கம்பெனிக்காரரின் செல் நம்பரைப் போட்டேன். அவர்தானே தன் கார்டைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றவர்.

அந்த வாரமே கூப்பிட்டார். குரலில் பழைய வழுவழுப்பு இல்லை.

"மேடம், காலையிலேர்ந்து எனக்கு எஸ்எம்எஸ் வந்துட்டே இருக்கு. யுவர் சைல்ட் அப்சென்ட்னு. என் ஒய்ஃப் படிச்சிட்டு யாரு அந்தச் சைல்ட்னு கேக்கறாங்க."

"உங்க சிஸ்டம் நல்லா வேலை செய்யுது சார்."

"எவனோ ஒரு பையன் வேற போன் பண்றான் மேடம். பொண்ணு இருக்காளான்னு கேக்கறான். நான் யாருன்னு கேட்டா, நீங்கதானே அவங்க அப்பாங்கறான்."

"அப்படித்தான் போட்டிருக்குது. அப்பாவா ஒரு பதில் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டார். முடியாது முடியாது என்று மாதம் முழுக்கச் சொன்ன வேலை அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்தது. கையெழுத்தும் கேட்கவில்லை, மெயிலும் கேட்கவில்லை. பள்ளியின் பக்கங்கள் மொத்தமும் போயின. "ஃப்ரீயா வந்ததைத் தொலைச்சிட்டீங்க" என்று தலைமையாசிரியர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா என் வார்த்தையை நம்பவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். செருப்புக்கடை மாடிக்கு, பாயின் சென்டருக்கு அழைத்துப்போய் அவள் ரோல் நம்பரையும் தேதியையும் தட்டிக் காட்டினேன். வெள்ளைத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

"இன்னா எழுதிக்கீது?"

"இப்படி ஒரு பக்கமே இல்லைன்னு."

"இல்லாததுக்கு எழுத்து எதுக்கு? இன்னொருவாட்டி அழுத்து பாய்."

பாய் அழுத்தினார். அதே வரி.

"மெட்ராஸ்லேர்ந்து பார்த்தா?"

"அங்கயும் இதான் நைனா வரும்" என்றார் பாய்.

"பாம்பேல?"

"துபாய்ல பார்த்தாலும் இதான்."

திரைக்குப் பின்னால் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பவர்போல பெட்டியின் முதுகை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "சரி, அனுப்பறேன்" என்றார். மாப்பிள்ளை பேச்சு எடுக்கவில்லை.

அவள் வந்த அன்று நான் திருத்திய தாள்களோடு வகுப்புக்குள் போனேன். வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டு மதிப்பெண்ணை உரக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் ஆனதும் அவள் எழுந்து மேஜைக்கு வந்தாள். குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், என்னுத சத்தமா சொல்லாதீங்க."

"நல்ல மார்க்குதானேம்மா."

"நல்லதா இருந்தாலும்."

தாளை மடித்து அவள் கையில் கொடுத்தேன். "இன்னா டீச்சர், அவளுக்கு மட்டும்?" என்றது கடைசி பெஞ்ச். மிச்சத் தாள்களையும் ஒவ்வொன்றாக மடித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மடிக்க மடிக்கத் தீரவில்லை. மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு வாத்தியார் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.